இரண்டு மு. கருப்பையா: இரு தரப்பு வம்சாவளி ஒட்டாமல் போனதும் ஒட்டியதும்

சிவகங்கைச் சீமையில் ஒரு கிராமம். அங்கே ஒரு பங்காளி வகையறாவில் இரண்டு கிளை இருக்கிறது; மூன்றாவது கிளை மலேசியாவில், பேராக் மாநிலத்தில். குலதெய்வம் ஒன்று. இரு தரப்பும் தனித்தனியாக வம்சாவளி எழுதி வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்றே தகராறு.

பேராக் தரப்பு சொன்னது: "எங்க கொள்ளுத்தாத்தா மு. கருப்பையா. ஆனந்த வருஷம் பிறந்தவர். நிலத்தை வித்துட்டு ரஜூலா கப்பல்ல வந்தார். சமாதி இங்கேதான் இருக்கு." ஊர்த் தரப்பு சொன்னது: "மு. கருப்பையா எங்க பூட்டன். அவரும் ஆனந்த வருஷம்தான். அவர் கப்பலே ஏறல. இந்த ஊர்லதான் செத்தார், புரட்டாசியில இன்னமும் திதி குடுக்கிறோம்." ஒருவர் பொய் சொல்கிறார் என்று இரு பக்கமும் முடிவு கட்டிவிட்டது. நிலம் என்ற சொல் வந்துவிட்டதால், பங்கு கேட்கத்தான் மலேசியாக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. கருப்பையாக்கள் இருவர், தாத்தாவும் பேரனும். இதை நிரூபிக்க எந்தெந்தத் தாள் உதவியது, எது ஏமாற்றியது, நிரூபித்த பிறகு உறவினர்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இந்த ஆய்வு. இது ஒரு தனிக் குடும்பத்தின் கதை இல்லை. பல குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே குடும்பத்தில் வைத்துச் சொல்கிறோம். பெயர்கள் மாதிரிக்கு வைத்தவை. ஆண்டுக் கணக்குகளும் ஆவண வழிமுறைகளும் அப்படியே பொருந்தும்.

இனிஷியல் செய்த வேலை

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். அப்பா பெயரின் முதலெழுத்தே இனிஷியல். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள். முத்தையாவின் மகன் மு. கருப்பையா. அவர் மகன் க. முத்தையா. அவர் மகன் மறுபடியும் மு. கருப்பையா. தாத்தாவும் பேரனும் இனிஷியல் வரை ஒரே பெயர். எந்தப் பட்டியலில் "மு. கருப்பையா" என்று கண்டாலும் அது எந்தத் தலைமுறை என்று பெயர் சொல்லாது.

இதோடு ஆனந்த வருஷம் சேர்ந்துகொண்டது. அறுபது வருஷச் சக்கரத்தில் ஆனந்த 48ஆவது. 1854-55 ஆனந்த, 1914-15 ஆனந்த, 1974-75 ஆனந்த. தாத்தா 1854இலும் பேரன் 1914இலும் பிறந்ததால் வருஷப் பெயரும் ஒன்றாகிவிட்டது. பார்ப்பதற்கு அபூர்வமாகத் தோன்றும். ஆனால் முப்பது வயதையொட்டிப் பிள்ளை பெறும் குடும்பத்தில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் 55 முதல் 65 வருஷ இடைவெளி இயல்பு. இந்த மோதல் வரத்தான் செய்யும்.

பேராக் தரப்பின் படத்தில் முதல் முத்தையாவுக்கு அடுத்து உடனே கப்பலேறியவர் இருந்தார். இரண்டு தலைமுறை விழுங்கப்பட்டிருந்தது. இரு படங்களையும் ஒன்றாக்கியதும் வந்த அபத்தத்தை ஒரு கழித்தல் கணக்கே காட்டிக்கொடுத்திருக்கும். பேராக்கில் இப்போதிருக்கும் மூத்த பெண்மணி 1945இல் பிறந்தவர், கப்பலேறியவரின் மகள். அப்பா 1854 என்றால் மகள் பிறந்தபோது அவருக்கு வயது 91. யாரும் கழித்துப் பார்க்கவில்லை. ஊரில் அவருக்குத் தம்பி முறை ஆகவேண்டியவர்களெல்லாம் அவரைப் பாட்டி முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாய்வழிச் செய்தியை எடைபோடுவது

வயதானவர்களிடம் "உங்க தாத்தாவுக்கு அப்பா பேர் என்ன" என்று கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். "அந்த வீட்டுப் பொண்ணை எந்த ஊர்ல கட்டிக் குடுத்தாங்க", "கல்யாணத்துக்குத் தாய்மாமன் யார் வந்தது", "மேல வீடு யாருக்குப் போச்சு, கீழ வீடு யாருக்கு" என்று கேட்டால் கொட்டும். சாவு, சடங்கு, பெண் எடுத்தது, பெண் கொடுத்தது எல்லாம் அப்பத்தாக்களிடமும் அம்மாச்சிகளிடமும்தான் இருக்கிறது. ஆண்கள் நிலத்தையும் வழக்கையும் நினைவு வைத்திருப்பார்கள். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துக் கேட்கக்கூடாது. ஆண்கள் பேசப் பேச அப்பத்தா வாய் மூடிவிடும். பட்டப்பெயரையும் கட்டாயம் கேட்க வேண்டும். கட்டைக் கருப்பையா, வெள்ளைக் கருப்பையா என்று ஊர் வித்தியாசப்படுத்தி வைத்திருக்கும். தாளில் அது இருக்காது.

சொன்னதை அப்படியே காலத்தோடு ஒட்டிப் பார்க்கலாம். ரஜூலா கப்பல் 1926இல் ஓடத் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. ஆகவே ரஜூலாவில் போனவர் 1926க்குப் பிறகே போயிருக்க வேண்டும். 1854இல் பிறந்தவர் 72 வயதுக்கு மேல் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேற மாட்டார். மேல் எல்லைக்கும் ஒரு கல் இருக்கிறது: கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) வழியாக உதவிபெற்று மலாயாவுக்குப் போவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. "கங்காணி கூட்டிட்டுப் போனார்" என்பது சரியென்றால் 1926க்கும் 1938க்கும் நடுவில். ஒரு எச்சரிக்கை: பழைய ஆட்கள் எந்தக் கப்பலையும் ரஜூலா என்றே சொல்லிவிடுவார்கள். இதைத் திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், சான்றாக எழுதக்கூடாது.

ஊர்ப் பெருமைக் கதைகள் தனி ரகம். இந்த வகையறாவில் முதல் முத்தையா மருது பாண்டியரின் படையில் இருந்தார் என்றொரு பேச்சு உண்டு. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801. முத்தையாவின் மகன் பிறந்தது 1854. படையில் நின்றவருக்கு 1801இல் இருபது வயது என்றால் மகன் பிறக்கும்போது 73. நின்றிருந்தால் முத்தையாவின் தாத்தா நின்றிருக்கலாம். அவர் பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. இப்படிப்பட்டதை அழிக்க வேண்டாம். கடைசிப் பக்கத்தில் "செவிவழி" என்று தலைப்புப் போட்டு, சொன்னவர் பெயரோடு வைத்துவிட்டால் சொன்னவருக்கும் வருத்தம் இல்லை, படமும் கெடாது.

பத்திரம் பேசும் விதம்

வம்சாவளிக்குப் பத்திரத்தை மிஞ்சிய தாள் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவேடு பல ஊர்களில் கிராம முன்சீப்போடு போய்விட்டது. பரம்பரைக் கிராம அதிகாரிகளை 1980இல் நீக்கியபோது கட்டுகள் கைமாறியதில் தொலைந்தவை ஏராளம். எஞ்சியதைத் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். பத்திரப் பதிவோ தொடர்ச்சியாக இருக்கிறது.

முதலில் முட்டிக்கொள்ளும் இடம் வில்லங்கச் சான்று. இணையத்தில் பெரும்பாலும் 1975 வாக்கிலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவகத்தில் மனு எழுதிக் கொடுத்துக் கைத்தேடல் போட வேண்டும். சர்வே எண் கொடுத்துத் தேடினால் இந்தப் பகுதியில் ஒன்றும் வராது. காரணம், சிவகங்கை ஜமீன். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே ஜமீன் கிராமங்கள் அரசின் ரயத்துவாரிக் கணக்குக்குள் (உழவர் நேராக அரசுக்குத் தீர்வை கட்டும் முறை) வந்தன. அதற்கு முந்தைய பத்திரங்களில் பைமாஷ் எண்தான் (பழைய நில அளவை எண்) இருக்கும், விற்பதும் பெரும்பாலும் குடிவார உரிமையாக (பயிரிடுபவரின் உரிமை) இருக்கும். பிறகு 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆரில் (நிலப் பதிவேட்டைப் புதுப்பித்த திட்டம்) எண்கள் இன்னொரு முறை மாறின. எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவது இரண்டு இடத்தில் அறுந்துபோகும் கயிறு.

அதனால் பெயர் வழிக் குறியீட்டில் (இண்டெக்ஸ்) தேட வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதல் புத்தகத்தையும் அதன் குறியீடுகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்வையிடலாம், நகலும் வாங்கலாம். வாரிசாக இருக்க வேண்டியதில்லை. மூன்றாம் புத்தகத்தில் இருக்கும் உயிலின் நகல், எழுதியவர் இறந்த பிறகு மட்டுமே மற்றவர்களுக்குக் கிடைக்கும். அதுவரை அவருக்கும் அவர் ஏஜெண்டுக்கும் மட்டும். மற்றப் பத்திரங்களுக்கான நான்காம் புத்தகம் எழுதிக்கொடுத்தவருக்கும் அதன்படி உரிமை கோருபவருக்கும்தான். கவுண்டரில் "சம்பந்தப்பட்டவரா நீங்க" என்ற கேள்வி வந்தால் எந்தப் புத்தகம் என்று சொல்லிக் கேட்பது நல்லது. கிராமம் இப்போது எந்தச் சார்பதிவகத்தில் சேர்கிறது என்பது மட்டும் போதாது. அந்த ஆண்டில் எதில் சேர்ந்திருந்தது என்று கேட்க வேண்டும். எல்லை மாறியிருந்தால் பழைய கட்டு பழைய அலுவலகத்திலேயே கிடக்கலாம்.

ஜில்லாப் பெயரும் குழப்பும். ராமநாதபுரம் ஜில்லா 1910இல் உருவானது. அதற்கு முந்தைய பத்திரத்தில் மதுரை ஜில்லா என்றிருக்கும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985. பேராக் வீட்டில் கிடைத்த பழைய கடித உறையில் "ராம்நாட் ஜில்லா" என்று இருந்ததை வைத்து அவர்கள் ராமநாதபுரம் நகரத்தைச் சுற்றியே ஊரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மாதிரிக் குடும்பத்தில் இரண்டு கிரயப் பத்திரங்கள் தீர்ப்பு எழுதின.

முதலாவது 1911. எழுதிக்கொடுத்தவர் "முத்தையா குமாரர் கருப்பையா, வயது ௫௰௭". இந்த எண்ணில்தான் பேராக் தரப்பு முதலில் வழுக்கி விழுந்தது. செல்போனில் எடுத்த படத்தில் அது "ருயஎ" என்று தெரிகிறது. எழுத்துப்பிழை என்று விட்டுவிட்டார்கள். பழைய தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறி உண்டு: ௰, ௱, ௲. ௫௰௭ என்றால் ஐந்து பத்து ஏழு, அதாவது 57. ஆண்டும் ௲௯௱௰௧ என்றே எழுதப்பட்டிருக்கும். ஆயிரம், ஒன்பது நூறு, பத்து, ஒன்று. கையெழுத்தில் ௫உம் ரு என்பதும் ஒன்றே, ௧உம் கவும் ஒன்றே, ௭உம் எவும் ஒன்றே. பத்திரம் வாசிக்க உட்காரும் முன் ஒன்று முதல் ஒன்பது வரையும் சேர்த்து இந்தப் பன்னிரண்டு குறிகளையும், ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி, ௹ ரூபாய் என்பவற்றையும் ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ௸ என்பதைச் சில எழுத்தர்கள் "ஷை" என்று எழுதுவார்கள். "ஷை கருப்பையா" என்பதைப் பட்டப்பெயர் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

1911இல் 57 என்றால் பிறப்பு 1854. ஆக, நிலம் விற்ற கருப்பையா தாத்தா. ஊர்த் தரப்பு சொன்ன பூட்டன் இவரே.

இரண்டாவது பத்திரம் 1923. "கருப்பையா குமாரர் முத்தையா, தனக்காகவும் தன் மைனர் குமாரன் கருப்பையா வயது 9க்குக் கார்டியனாகவும்" எழுதிக்கொடுத்தது. இந்து கூட்டுக் குடும்பச் சொத்தை விற்கும்போது வாங்குபவர் எதிர்காலத்தில் மகன் வந்து வழக்குப் போடக்கூடாது என்று மைனர் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் சேர்த்து எழுதச் சொல்வார். வம்சாவளி தேடுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. 1923இல் ஒன்பது வயது, பிறப்பு 1914, இன்னொரு ஆனந்த. கப்பலேறியவர் கிடைத்துவிட்டார், நடுவே விழுங்கப்பட்ட க. முத்தையாவும் கிடைத்துவிட்டார். "நிலத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார்" என்ற பேராக் கதையும் முழுப் பொய் இல்லை. விற்றவர் அப்பா, ஏறியவர் மகன்.

பத்திரத்தில் பெயர் வரும் முதல் வரியோடு நின்றுவிடக்கூடாது. சொத்து விவரத்தில் நாலெல்லை இருக்கும். மேற்கே யார் நிலம், வடக்கே யார் நிலம் என்று பார்த்தால் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் வரிசையாக நிற்பார்கள். பின்புறத்தில் பதிவாளர் முன் "இன்னாரென்று நிரூபித்தவர்கள்" என்று இரண்டு பேர். பெரும்பாலும் பங்காளியோ மைத்துனரோ. அவர்களுக்கும் தகப்பன் பெயர் எழுதியிருக்கும். கைநாட்டா கையெழுத்தா என்பதும் குறித்துக்கொள்ள வேண்டியது. 1911 பத்திரத்தில் கைநாட்டு. பேராக்கில் கிடைத்த மணியார்டர் கூப்பன்களில் கோர்வையான கையெழுத்து. இது மட்டுமே போதாதென்றாலும் இருவர் என்ற முடிவுக்கு ஒத்துப்போகிறது.

வருஷக் கணக்கைச் சரிபார்த்தல்

பேராக் வீட்டில் ஒரு ஜாதகக் குறிப்பு இருந்தது: வருஷம், தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம், ராசிக் கட்டம். இது 1854ஆ 1914ஆ என்று எப்படிச் சொல்வது?

ஜோசியம் ஓரளவு தெரிந்தவர்கள் உடனே குருவையும் சனியையும் பார்ப்பார்கள். இந்த இடத்தில் அது உதவாது. குரு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 வருஷம், சனிக்கு ஏறத்தாழ 29½. அறுபது வருஷத்தில் குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து, இரண்டும் பழைய இடத்துக்கு அருகிலேயே வந்து நிற்கும். அறுபது வருஷச் சக்கரமே இந்த ஒத்துப்போதலை ஒட்டியதுதானே. பார்க்க வேண்டியது ராகு. ராகுவின் சுற்று 18½ வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அறுபது வருஷத்தில் மூன்று சுற்று முடித்து இன்னும் 80 பாகை போல நகர்ந்திருக்கும், அதாவது இரண்டு மூன்று ராசி தள்ளி. கட்டத்தில் ராகு இருக்கும் ராசியை இரு ஆண்டுப் பஞ்சாங்கத்தோடும் ஒப்பிட்டால் ஒன்று மட்டுமே பொருந்தும்.

கட்டம் இல்லாமல் தேதியும் கிழமையும் மட்டும் இருந்தாலும் போதும். ஒரே தமிழ்த் தேதி அறுபது வருஷம் கழித்து வரும்போது கிழமை 5 அல்லது 6 நாள் நகர்ந்திருக்கும். ஒருபோதும் அதே கிழமை வராது. 1947 ஆகஸ்ட் 15 சர்வசித்து வருஷம், வெள்ளிக்கிழமை. 2007ஆம் சர்வசித்துதான், ஆகஸ்ட் 15 புதன்கிழமை. பழைய குறிப்பில் வருஷப் பெயரும் தேதியும் கிழமையும் இருந்தால் எந்தச் சுற்று என்பது தீர்ந்துவிடும். சாலிவாகன சகாப்தம் எழுதியிருந்தால் 78 கூட்டினால் போதும், இத்தனை பாடு வேண்டாம். தீர்வை ரசீதில் பசலி இருக்கும். 590 கூட்டினால் அந்த ஜூலையில் தொடங்கும் ஆண்டு. பசலி 1333 என்பது 1923 ஜூலை முதல் 1924 ஜூன் வரை. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்ட வேண்டும்.

பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். சேர்க்கும் வயது காட்டுவதற்காக வாத்தியார் போட்ட ஜூன் தேதி அது. ஜாதகத்தில் மார்கழி, சான்றிதழில் ஜூன் என்றால் இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறிக்க வேண்டும். ஒன்றை அழித்துவிட்டால் நாளைக்கு பென்ஷன் தாளோடு பொருத்திப் பார்க்க வழி இருக்காது.

மொய் நோட்டும் தலைக்கட்டு நோட்டும்

பத்திரம் ஆண்களைக் காட்டும். பெண்கள் எங்கே? மொய் நோட்டில். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் நோட்டில் முதலில் தாய்மாமன் மொய். காதுகுத்து மொய் நோட்டின் முதல் பக்கம் பிள்ளையின் அம்மா பிறந்த வீட்டைச் சொல்லிவிடும், ஊரோடு. அடுத்தடுத்த பக்கங்களில் பெண் கொடுத்த ஊர்கள் கும்பல் கும்பலாக வரும். ஒரே ஊரிலிருந்து ஆறேழு பெயர் சேர்ந்தாற்போல் இருந்தால் அந்த ஊரில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் க. முத்தையாவின் மனைவி பெயர் யாருக்கும் நினைவில்லை. அவர் பிறந்த ஊர் மட்டும் 1940களின் ஒரு மொய் நோட்டில் "பெரிய அப்பத்தா ஊர்" என்ற தலைப்பின் கீழ் கிடைத்தது.

ஊர்த் திருவிழாவுக்கு வசூலித்த தலைக்கட்டு வரி நோட்டு இன்னொரு சுரங்கம். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. ஒருவர் பெயர் புதிதாகச் சேரும் ஆண்டு, கல்யாணம் முடிந்து அதிக நாளாகாத ஆண்டு. சில ஊர்களில் கைம்பெண்ணுக்கு அரை வரி. ஒரு வீட்டு வரி பாதியானால் வீட்டுக்காரர் இறந்த காலம் ஏறக்குறையப் புரிந்துவிடும். மூத்த கிளை 1936க்குப் பிறகு நோட்டில் இல்லை, "வெளியூர்" என்ற குறிப்போடு நின்றுவிட்டது. ஊர்க்காரர்களுக்கு அந்தக் கிளை ஏன் மறந்துபோயிற்று என்பதற்கு இதுவே விளக்கம். மூத்தவரான க. முத்தையாவுக்கு ஒரே மகன், அவனும் போய்விட்டான். திதி கொடுக்கவோ வரி கட்டவோ ஊரில் ஆளில்லை.

இந்த நோட்டுகள் கோயில் பூசாரி வீட்டுப் பரணிலோ நாட்டாமை வீட்டிலோதான் இருக்கும். வாங்கிக்கொண்டு போகக் கேட்காதீர்கள், தரமாட்டார்கள். அங்கேயே வெளிச்சத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுப்பது சரி. பழுப்பேறிய தாளுக்கு ஃப்ளாஷ் வேண்டாம்.

மலேசியத் தரப்பில் ஒரு வசதி: அடையாள அட்டையில் "அ/லெ", அதாவது அனக் லெலாகி (மகன்), என்று போட்டு அப்பா பெயரை முழுதாக எழுதுவார்கள்; இனிஷியல் சிக்கல் இல்லை. ஒரு தொல்லை: தோட்டக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியதில் ஒரே அப்பாவின் பெயர் அண்ணன் அட்டையில் ஒரு மாதிரி, தங்கை அட்டையில் வேறு மாதிரி. அடையாள அட்டை அங்கே 1948 முதல். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பல தாள்களில் "இந்தியா" என்று முடித்திருப்பார்கள். கிராமம் வேண்டுமானால் கடித உறையையும் மணியார்டர் கூப்பனையும் தேட வேண்டும்.

படத்தில் ஏற்றுவது

கிராம்ப்ஸ் போன்ற இலவச வம்சாவளி மென்பொருள் போதும். இணையத்தில் எல்லோரும் திருத்தக்கூடிய பொது மரங்களில் முதலிலேயே ஏற்றாதீர்கள். கருப்பையாக்களை ஒருவர் பிரிக்க, இன்னொருவர் நல்லெண்ணத்தில் மறுபடி ஒன்றாக்குவார். மென்பொருள் குடும்பப் பெயர் கேட்கும். அங்கே சாதியையோ புருஷன் பெயரையோ போட்டால் தேடும்போது எல்லோரும் ஒரே பெயரில் குவிவார்கள். அப்பா பெயரைத் தந்தைவழிப் பெயர் என்ற வகையில் போட வேண்டும். ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க ஒவ்வொருவருக்கும் எண்: முதல் முத்தையா 1, அவர் மகன் கருப்பையா 1.1, மூத்த மகன் முத்தையா 1.1.1, கப்பலேறியவர் 1.1.1.1. குடும்பக் குழுவில் பேசும்போதும் "மு. கருப்பையா" என்று எழுதாமல் "1.1 கருப்பையா" என்று எழுதப் பழக்கியதும் பாதிச் சண்டை ஓய்ந்தது.

அக்கா மகளைக் கட்டியவர், அத்தை மகளைக் கட்டியவர் நம் குடும்பங்களில் நிறைய. அந்தப் பெண் மகளாகவும் வருவார், மருமகளாகவும் வருவார். இரண்டு தடவை ஆளை உருவாக்காமல் ஒரே ஆளுக்கு இரண்டு தொடர்பு கொடுக்க வேண்டும். படம் வரையும்போது கோடு வளைந்து திரும்பி வந்தால் பயப்படத் தேவையில்லை. இளைய தாரத்துப் பிள்ளைகளை மூத்த தாரத்துக்குக் கீழே போட்டுவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. பிறந்த ஆண்டையும் தாரம் இறந்த ஆண்டையும் ஒப்பிட்டால் வெளிப்படும். வேறு மென்பொருளுக்கு மாற்ற ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான வடிவம்) கோப்பாக எடுக்கும்போது எழுத்துமுறையை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு கோட்டுக்கும் சான்று எழுதுவது. மூன்று தரம் போதும்: தாள் இருக்கிறது, வெவ்வேறு கிளையிலிருந்து இருவர் சொன்னது, ஒருவர் சொன்னது. முதலாவதற்கு முழுக்கோடு, இரண்டாவதற்கு விட்டுவிட்டு வரும் கோடு, மூன்றாவதற்குப் புள்ளிக்கோடு. வாட்ஸ்அப்பில் வெடித்த சண்டையின் வேர் இங்கேதான் இருந்தது. இரு படங்களிலும் எல்லாக் கோடும் முழுக்கோடு. மறுப்பவருக்கு எதை மறுப்பது என்று தெரியாததால் ஆளையே மறுத்தார்கள்.

உறவினர்களிடம் கொண்டுபோவது

குழுவில் முழுப் படத்தைப் போடுவது கடைசி வேலை. முதல் சுற்றில் 1940க்கு முன் பிறந்து, இறந்துபோனவர்கள் மட்டும். அதையும் கிளைக்கு ஒருவர் என்று மூன்று பேரிடம் தனியாகக் காட்ட வேண்டும். ஊர்த் தரப்பில் மூத்தவர் ஒருவரிடம், "ஐயா, உங்க பூட்டன் இங்கதான் செத்தார், நீங்க சொன்னதுதான் சரி, இந்தா 1911 பத்திரம்" என்று அவர் சொன்னதை நிரூபிக்கும் தாளை முதலில் நீட்டியது நல்ல உத்தி. அதன் பிறகு 1923 பத்திரத்தைக் காட்டினால் கேட்கும் மனநிலையில் இருப்பார். வரிசை மாறினால் மலேசியாக்காரர்களுக்காகப் பேச வந்ததாகப் படும்.

பங்கு பயத்தை மழுப்பாமல் நேராகப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் 1989 திருத்தத்தின்படி அப்போது கல்யாணமாகாத மகள்களுக்கும், நாடு முழுக்க 2005 திருத்தத்தின்படி எல்லா மகள்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமை உண்டு. அதனால் "உங்க அத்தை பேர் என்ன, எத்தனை பொம்பளைப் பிள்ளை" என்று கேட்டாலே சில வீடுகளில் கதவு சாத்தப்படும். 1911, 1923 பத்திரங்கள் விற்றுப்போன நிலத்துக்கானவை, அவற்றை வைத்து யாரும் எதுவும் கேட்க முடியாது என்று பத்திரத்தையே காட்டிச் சொல்லலாம். நடப்பில் இருக்கும் பட்டா எண், சிட்டா, பாகப்பிரிவினைத் தாள் எதையும் படத்தோடு இணைக்கக்கூடாது. நிலுவையில் வழக்கு உள்ள கிளையில் வழக்கு முடியும் வரை தொடாமல் இருப்பதே மேல்.

உயிரோடு இருப்பவர்களுக்குப் பெயரும் உறவும் மட்டும் போதும். பிறந்த தேதி, போன் எண், ஆதார், குழந்தைகள் படம் எதுவும் வேண்டாம். தத்துப்பிள்ளை, இரண்டாம் கல்யாணம், வீட்டை மீறிய கல்யாணம், தற்கொலை போன்றவற்றை அந்தக் கிளைக்காரர் அனுமதி இல்லாமல் பகிரக் கூடாது. மூலக் கோப்பில் இருக்கட்டும், அச்சுப் பிரதியில் வேண்டாம். மென்பொருளில் ஒவ்வொரு பதிவையும் தனிப்பட்டது என்று குறிக்கும் வசதி உண்டு. ஏற்றுமதியின்போது அது தானாக விடுபட்டுவிடும்.

குழுவில் படத்தைப் புகைப்படமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும், டாக்குமெண்டாக பிடிஎஃப் அனுப்ப வேண்டும். மூலையில் பதிப்பு எண்ணும் தேதியும், "இதற்கு முந்தியது செல்லாது" என்ற வரியும். இல்லாவிட்டால் பழைய படம் இன்னொரு குழுவில் சுற்றிக்கொண்டே இருக்கும், அதிலுள்ள 91 வயது அப்பா மறுபடி உயிர்பெற்று வருவார். திருத்தம் சொல்பவர்கள் தட்டச்சு செய்யச் சிரமப்படுவார்கள். குரல் பதிவாக அனுப்பச் சொல்லலாம். அதுவே சான்றாகவும் ஆகிறது.

இந்தப் பக்கத்தில் எல்லாக் கிளையும் கூடும் நாள், குலதெய்வக் கோயிலில் நடக்கும் மாசிக் களரி. ஏ3 தாள்களை ஒட்டிப் பெரிதாக்கிய படத்தைக் கோயில் வாசலில் விரித்து, பக்கத்தில் பென்சிலும் கட்டிவிட்டால் போதும். பேனா வேண்டாம். வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் வராத பெயர்கள் அன்று ஒரு மத்தியானத்தில் வரும். படத்தைப் பார்த்துவிட்டு அப்பத்தாக்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "என் பேரு எங்கடா?"

இப்போது நிற்கும் இடம்: 1.1.1.1 வரை முழுக்கோடு. க. முத்தையாவின் தம்பிகள் இருவருக்கும் முழுக்கோடு. முத்தையாவின் மனைவிக்கு ஊர் உண்டு, பெயர் இல்லை. அவர் பிறந்த ஊரின் தலைக்கட்டு நோட்டில் பெண் பெயர் இருக்காது. அந்த ஊர்க்காரர்கள் அதே காலத்தில் நிலம் விற்ற பத்திரங்களில் மைனர் பட்டியலைப் பார்ப்பதும் பயன்படாது, அங்கே மகன்கள் மட்டுமே. மகளுக்கு எழுதிக்கொடுத்த சீதனப் பத்திரமோ தானப் பத்திரமோ பதிவாகியிருந்தால் பெயர் கிடைக்கும். அடுத்து அந்தச் சார்பதிவகத்தில் 1900 முதல் 1915 வரை பெயர்க் குறியீட்டைத் தேட வேண்டும். அவருடைய அப்பாவின் பெயர் தெரியாததால், மொய் நோட்டில் அந்த ஊர்த் தலைப்பின் கீழ் வந்த எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதே வழி.